கைக்கு எவ்வளவு?

"ஏஜண்டுக்குக் குடுக்கிற காசில பாதி இவற்ற கணக்கிலதானே அண்ணா ஏறும்? அதைப் போடேல்லையே?"

2023 யூலை, மாலை ஐந்தரை மணி. கேட்டவள் எங்கள் இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகத்தின் சம்பளப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளை. லண்டனில் பிறந்தவள், என்னோடு மட்டும் தமிழில் பேசுவாள். "அவர் கேட்டது சம்பளம் மட்டும். மிச்சத்தை அவற்ற கணக்காளர் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாங்கள் எடுக்கவிருந்த ஒரு பின்காப்பு வீரரின் முகவருக்கு எக்செல் தாளை அனுப்பினேன். அவள் கேட்டதும் நான் சொன்னதும் சேர்த்துப் பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடியைத்தான் இன்னமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

ஐரோப்பியக் கண்டத்து முகவர்கள் தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்வி: கைக்கு எவ்வளவு வரும்? இங்கிலாந்து ஒப்பந்தத்தில் அதற்கு இடமே இல்லை. இங்கே எழுதுவது வரிக்கு முந்திய தொகை, அதுவும் வாரக் கணக்கில். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பேரம் வரி போக மிஞ்சும் ஆண்டுத் தொகையில், யூரோவில் நடக்கும். வீரர் வீட்டில் மனைவிக்குச் சொல்வதும் அந்த எண்ணைத்தான். ஆகவே இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். விளையாட்டுப் பணிப்பாளர் செய்ய மாட்டார், சட்டத்தரணி செய்யவே மாட்டார். அது சம்பளப் பிரிவின் மேசைக்கு வந்து சேரும்.

எங்கள் தரப்பு வாரம் 60,000 பவுண் கொடுக்க முன்வந்தது. 52ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 3,120,000. 2023-24 வரியாண்டு விகிதப்படி கணக்கு இப்படிப் போகும். ஒரு இலட்சத்துக்கு மேல் உழைப்பவருக்கு 12,570 பவுண் வரிவிலக்கு இரண்டு பவுணுக்கு ஒரு பவுண் வீதம் கரைந்து, 125,140இல் முற்றாகப் போய்விடும். எனவே முதல் 37,700க்கு 20 வீதம், அங்கிருந்து 125,140 வரை 40 வீதம், அதற்கு மேல் முழுவதற்கும் 45. இதன் மேல் நஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதிப் பிடிப்பு: 12,570க்கு மேல் 50,270 வரை 12 வீதம், அதற்கு மேலே 2 வீதம். இவ்வளவையும் ஒரு வரியில் சுருக்கிவிடலாம். ஆண்டுச் சம்பளத்தை 0.53ஆல் பெருக்கி, 10,278ஐக் கூட்டினால் போதும். எங்கள் மேசையில் மஞ்சள் தாளில் ஒட்டியிருந்தது அந்தச் சூத்திரம். விடை 1,663,878 பவுண்.

அந்த எண்ணில் பிழை இல்லை. இப்போது போட்டாலும் அதே விகிதங்களுக்கு அதே விடைதான் வரும்.

அன்றைய மாற்று விகிதம் ஒரு யூரோவுக்கு 86 பென்ஸ் அளவில். ஆக, 1,934,000 யூரோவுக்குச் சற்று மேல். மறுபக்கம் ஒரு இத்தாலியக் கழகம் கைக்கு 1,850,000 யூரோ என்று சொல்லியிருந்தது. எங்களுடையது 84,000 யூரோ சொச்சம் கூட. அவர் வந்தார்.

இந்த இரண்டு எண்களையும் கழகங்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. இத்தாலியில் அப்போது 2019இன் வளர்ச்சி ஆணை நடைமுறையில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறும் விளையாட்டு வீரரின் சம்பளத்தில் பாதிக்கு வரியே இல்லை. உச்ச விகிதம் 43 என்றாலும் நடைமுறையில் 21.5. மாகாண, நகரசபை மேல்வரிச் சில்லறைகளை விட்டுவிட்டால், வீரரின் கையில் 1.85 மில்லியன் வைக்க அந்தக் கழகம் எழுத வேண்டிய தொகை ஏறக்குறைய 2.36 மில்லியன் யூரோ. ஆணை இல்லாவிட்டால் 3.25 மில்லியன். ஒரே வீரர், கையில் ஒரே காசு, கழகத்துக்கு ஆண்டொன்றுக்குக் கிட்டத்தட்ட 9 இலட்சம் யூரோ வித்தியாசம். 2023 டிசம்பர் கடைசியில் ரோம் அமைச்சரவை அந்தச் சலுகையை நீடிக்க மறுத்தபோது இத்தாலியின் முதல்தர லீக்கான சீரீ ஆ கழகங்கள் ஏன் அப்படிக் குதித்தன என்பதற்கு இந்தக் கழித்தல் கணக்கே விடை.

எங்கள் பக்கம் 60,000 வாரச் சம்பளத்தோடு செலவு நிற்பதில்லை. தொழில்தருநரின் நஷனல் இன்சூரன்ஸ் அன்று 13.8 வீதம், இந்தச் சம்பளத்துக்கு 429,304 பவுண். தொழிற்பயிற்சி வரி அரை வீதம், 15,600. கூட்டினால் 3,564,904. வீரரின் கையில் ஒரு பவுண் வைக்க நாங்கள் 2 பவுண் 14 பென்ஸ் செலவழிக்கிறோம், இத்தாலிக்காரர் 1 யூரோ 27 சென்ற். 2025 ஏப்ரலில் 13.8 வீதம் 15 ஆனதோடு எங்கள் எண் இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது. ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியமான யூஈஎஃப்ஏ அணிச் செலவை வருமானத்தின் 70 வீதத்துக்குள் அடக்கச் சொல்லும்போது அதில் சேர்வதும் இந்த முழுச் செலவுதான். கைக்குப் போனதை மட்டும் பார்ப்பதில்லை. அதிக வரி நாட்டுக் கழகம் அதே வருமானத்தில் மெல்லிய அணியோடு மைதானத்துக்குப் போகிறது. தொலைக்காட்சிப் பணம் குவிவதால் இங்கே அது கண்ணில் படுவதில்லை.

இனி அந்தப் பிள்ளை கேட்ட வரிசைக்கு வருகிறேன்.

இடமாற்றத்தில் ஒரே முகவர் வீரருக்கும் வாங்கும் கழகத்துக்கும் சேர்த்தே வேலை செய்வது வழக்கம். மூன்று தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் விதி இடம் கொடுக்கிறது. கட்டணம் முழுவதையும் கழகமே கட்டும். ஆனால் அதில் ஒரு பங்கு வீரருக்காகச் செய்த வேலைக்கானது; அது வீரர் கொடுக்க வேண்டிய கடன், கழகம் அவருக்காகக் கட்டுகிறது. பிரித்தானிய வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. அதைச் சம்பளம்போன்ற சலுகையாகவே பார்க்கும். பல ஆண்டுகள் பாதிக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தால் அதிகம் கிண்டிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது. இப்போது அப்படித் தானாக ஏற்பதில்லை. யாருக்காக என்ன செய்தார், எந்தத் திகதியில் செய்தார், அதற்கு மின்னஞ்சல் எங்கே என்று கேட்கிறது.

இவருடைய முகவருக்கு ஆண்டுச் சம்பளத்தில் பத்து வீதம், 312,000 பவுண். பாதி 156,000. அதன் மேல் வற் (பெறுமதி சேர் வரி) 20 வீதம், 31,200. இதுதான் பலரும் தவறவிடும் இடம். தன் பாதிக்குக் கட்டிய வற்றைக் கழகம் மீளப் பெறலாம், வீரரின் பாதிக்குக் கட்டியதைப் பெற முடியாது. ஆகவே வீரரின் சலுகைப் பெறுமதி வற்றையும் சேர்த்து 187,200. அதற்கு 45 வீதம், 84,240 பவுண் வருமான வரி. ஒவ்வொரு ஆண்டும்.

1,663,878இல் இருந்து 84,240ஐக் கழியுங்கள். 1,579,638. அன்றைய விகிதத்தில் 1,836,000 யூரோ சொச்சம். இத்தாலிக்காரர் சொன்னது 1,850,000.

பத்து விநாடிக்குள் விடுபட்ட ஒரு வரிசை தராசின் தட்டைத் திருப்பிவிட்டது. அதுவும் வெறும் 13,000 யூரோவால். அந்தச் சம்பளக்காரருக்கு அது ஒரு வாரக் காசுகூட இல்லை. ஆனால் பேரம் பேசும்போது 'அங்கே கூட, இங்கே குறைவு' என்பது மட்டும்தான் காதில் விழும்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீரர் அந்த 187,200ஐத் தன் கையிலிருந்து முகவருக்குக் கட்டியிருந்தால், வரி போக அவ்வளவு மிஞ்ச 353,208 பவுண் உழைத்திருக்க வேண்டும். கழகம் கட்டியதால் அவருக்குப் போனது 84,240 மட்டும். ஆகவே இது நட்டமே இல்லை, இலாபம். இத்தாலியிலும் முகவர் கட்டணத்தை வீரரின் சலுகையாகப் பார்த்து வரித்துறை கழகங்களின் கதவைத் தட்டியதுண்டு. அந்த 1,850,000 மட்டும் சுத்தமான எண் என்று யார் சொன்னது? இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுக்கு என்றால் ஒப்பீடு சரிதான். தவிர, கேட்டவர் முகவர். தன் கட்டணத்துக்கு வரி எப்படி விழும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கவில்லை. நாங்களும் தெரிந்துதான் சொல்லவில்லை.

கடைசி வசனத்தை எழுதியபிறகு மேலே உள்ள நியாயங்கள் எல்லாம் கொஞ்சம் ஆடுகின்றன.

இந்த வரி வந்து சேரும் விதமும் கெட்டது. 2023-24இல் கட்டிய கட்டணத்தை 2024 யூலை 6க்குள் பி 11 டி படிவத்தில் அறிவிக்க வேண்டும். அதுவரை சம்பளச் சீட்டில் அந்த வருமான வரியின் வாசனையே இருக்காது. ஓராண்டு முழுக்க, தாளில் சொன்ன எண்ணுக்கு ஏற்ற காசு மாதாமாதம் வங்கிக்குப் போய்க்கொண்டே இருக்கும். படிவம் போன பிறகு வரித்துறை இரண்டு வேலை செய்யும். ஒன்று, போன ஆண்டின் 84,240ஐ 2025 ஜனவரி 31க்குள் கட்டச் சொல்வது. இரண்டு, இந்த ஆண்டும் அதே சலுகை இருக்கும் என்று எடுத்துக்கொண்டு வரிக் குறியீட்டை மாற்றுவது. கே எழுத்தில் தொடங்கும் குறியீடு வரும். அதிலுள்ள எண்ணைப் பத்தால் பெருக்கினால் கிடைக்கும் தொகையைச் சம்பளத்தோடு கூட்டி வரி பிடிக்க வேண்டும். இல்லாத சம்பளத்துக்கு வரி என்று வீரருக்குப் படும். படாமல் என்ன செய்யும்?

எங்களுக்குக் குறியீடு ஒக்டோபர் 2024இல் வந்தது. ஏப்ரலில் இருந்து ஏழு மாதத்துப் பாக்கி ஒரே மாதத்தில் விழப் பார்க்கும். 15,600 வீதம் ஏழு மாதம், அதில் 45 வீதம், 49,140 பவுண். இங்கே ஒரு கடிவாளம் உண்டு: கே குறியீட்டில் எந்த மாதமும் சம்பளத்தின் பாதிக்கு மேல் வரி பிடிக்கக் கூடாது. சாதாரண சம்பளக்காரரை அந்த விதி காப்பாற்றும். இவருக்கோ வழமையான மாதத்திலேயே 260,000க்கு 115,850 பிடிபடுகிறது. பாதிக்கு இன்னும் 14,150தான் இடம். எனவே மிச்சம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும், அடுத்த மாதமும் அப்படியே. மார்ச் வரை ஆறு மாதமும் அவருடைய கையில் வழமையைவிட ஏறத்தாழ 14,000 பவுண் குறைவு. அதன் நடுவில் ஜனவரி 31. அந்த மாதக் கடைசியில்தான் முகவர் என் பழைய எக்செல் தாளை எங்கள் நிதிப் பணிப்பாளருக்கு அனுப்பி, 'கைக்கு' என்ற வரிசைக்கு மஞ்சள் பூசியிருந்தார்.

பணிப்பாளர் கேட்டது ஒன்றுதான்: "வாயால் சொன்னாயா, எழுதிக் கொடுத்தாயா?"

எழுத்தில் கொடுத்ததால் சட்டப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத எந்தத் தாளும் ஒப்பந்தம் அல்ல என்று ஒப்பந்தமே சொல்கிறது. ஆனால் கேள்வி அதுவாக இருந்தது எனக்கு உறுத்தியது. எண் சரியா பிழையா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் 'சரி' என்று சொல்லியிருப்பேன்.

வீரரின் வருமான வரியை உண்மையில் கட்டுவது யார்? சட்டத்தில் வீரர். சம்பளச் சீட்டில் வீரர். பேரத்தில் யார் தேவைப்படுகிறாரோ அவருக்கு எதிரில் இருப்பவர். ஸ்பெயினில் 2005இன் அரச ஆணை வந்தபோது அதைப் பெக்கம் சட்டம் என்றார்கள். இங்கிலாந்து வீரர் டேவிட் பெக்கம் அதைப் பயன்படுத்திய முதலாட்களில் ஒருவர் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஆறு வரியாண்டுகள் ஒரே தட்டையான விகிதம், 2007இல் இருந்து அது 24 வீதம். ஆனால் அங்கே ஒப்பந்தம் கைக்கு வரும் தொகையில். ஒரு மில்லியன் யூரோ கைக்கு என்றால் 24 வீதத்தில் கழகத்தின் செலவு 1.32 மில்லியன், அன்றைய உச்ச விகிதமான 43இல் 1.75 மில்லியன். சட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர் வீரர், அதன் பலன் போய்ச் சேர்ந்தது ரியல் மட்ரிட் போன்ற கழகங்களுக்கு. 2009 கோடையில் ரொனால்டோ வந்த திகதியையும், 2010 ஜனவரி முதல் 600,000 யூரோவுக்கு மேல் வாங்குவோருக்கு அந்தக் கதவு மூடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே உள்ளே வந்தவர்களுக்குப் பழைய விகிதம் தொடர்ந்தது. 2012இல் ஸ்பெயினின் உச்ச விகிதம் 52 ஆனது, கத்தலோனியாவில் 56. 52இல் அதே ஒரு மில்லியனுக்கு 2.08 மில்லியன் எழுத வேண்டிய நிலை. 2015இல் இருந்து தொழில்முறை விளையாட்டு வீரர்களை அந்தச் சலுகையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இங்கே அதே 2010 ஏப்ரலில் வரி ஏறியது. 150,000க்கு மேல் 40 வீதம் 50 ஆனது. நஷனல் இன்சூரன்ஸும் போக, நூறு பவுணில் 59 கையில் மிஞ்சிய இடத்தில் 49. பழைய 59ஐக் கையில் வைக்கச் சம்பளத்தை 20 வீதம் உயர்த்த வேண்டும். ஒப்பந்தம் இடையில் இருந்த வீரர்கள் அடியை வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தவர்கள் கழகத்தின் தலையில் இறக்கினார்கள். 2013இல் 45 ஆனது. ஏறிய சம்பளம் யாருக்கும் இறங்கியதாக நான் காணவில்லை.

பிரான்சில் அன்றைய ஜனாதிபதி ஒலாந்தின் 75 வீத வரி இன்னும் வெளிப்படையான பாடம். 2012 டிசம்பரில் அரசியலமைப்புச் சபை அதை வெட்டியது. அடுத்த வடிவத்தில், மில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட சம்பளப் பகுதிக்கு 50 வீதத்தை நேரே தொழில்தருநரே கட்ட வேண்டும், மொத்த வருமானத்தின் 5 வீதத்துக்கு மேல் போகாது என்று வந்தது. வீரர் என்ற திரை விலகிக் கழகம் நேரே நின்றது. கழகங்கள் 2013 நவம்பர் கடைசி வார இறுதியில் ஆட மாட்டோம் என்று அறிவித்துப் பிறகு பின்வாங்கின. அதே லீக்கில் ஆடிய மொனாக்கோவுக்கு அந்தத் தலையிடி இல்லை. அந்தக் கோடையில் ஃபல்காவோவும் ஹாமெஸ் ரொட்ரிகஸும் அங்கே இறங்கியதற்கு உரிமையாளரின் பணமும் காரணம், வரியும் காரணம். எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்க என்னால் முடியாது. பொருளியலாளர்கள் கிளெவன், லண்டே, சாயெஸ் மூவரும் 14 நாடுகளின் வீரர்களை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, வெளிநாட்டு வீரர்கள் வரிக்கு வலுவாக அசைகிறார்கள், சொந்த நாட்டவர் மிகக் குறைவாக அசைகிறார்கள் என்று காட்டியது. எங்கள் மேசையில் அதற்குச் சான்று எளிது. சொந்த ஊர்ப் பையன்கள் 'கைக்கு எவ்வளவு' என்று கேட்பதே அபூர்வம்.

பெப்ரவரி 2025இல் தீர்வுக்கு உட்கார்ந்தபோது முதலில் வந்த யோசனை வழக்கமானது: படிம உரிமையாகக் கொடுத்துவிடலாம். வீரரின் பெயர், முகம் ஆகியவற்றின் உரிமையை ஒரு கம்பனி வைத்திருக்கும், கழகம் அந்தக் கம்பனிக்குக் கட்டும். ஆர்செனல் வீரர்கள் பெர்க்காம்ப், பிளாற் இருவரின் ஒப்பந்தங்கள் தொடர்பான 2000ஆம் ஆண்டு வழக்கில் வரித்துறை தோற்ற பிறகு இது ஊன்றிவிட்டது. வெளியே இதைப் பெரிய வரி ஏய்ப்பு என்று நினைக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். சம்பளமாக 100 கொடுக்கக் கழகத்துக்கு 114.30 செலவு, வீரருக்கு 53. அதே 114.30ஐக் கம்பனிக்குக் கொடுத்தால் 25 வீதக் கம்பனி வரி போக 85.73. அதை இலாபப் பங்காக எடுத்தால் 39.35 வீதம் போக 52. அதாவது ஒரு பவுண் குறைவு! காசைக் கம்பனிக்குள் தூங்கவிட்டு, நாட்டைவிட்டுப் போனபின் எடுத்தால்தான் இலாபம். அடுத்த மாத வீட்டுச் செலவுக்குக் காசு கேட்பவருக்கு அது மருந்து அல்ல. தவிர, உண்மையான வணிகப் பெறுமதி இல்லாத பின்காப்பு வீரருக்குத் திடீரென்று இடையில் படிம உரிமை எழுதினால் வரித்துறை சிரிக்கும். கடனாகக் கொடுப்போம் என்று யாரோ முனகினார். ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகம் பொறுப்பு நிதியம் வழியாக வீரர்களுக்குக் கடன் என்ற பெயரில் கொடுத்ததெல்லாம் சம்பளமே என்று 2017 யூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அந்த அறையில் நான் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

84,240ஐ வரி போகக் கையில் கொடுக்க வேண்டுமானால் 0.53ஆல் வகுக்க வேண்டும்: 158,943. கழகத்தின் 13.8 வீதமும் அரை வீதமும் சேர்ந்து 181,672 பவுண். வீரருக்கு 84,000 பள்ளம், அதை நிரப்ப மண் 181,000. அதுவும் ஓராண்டுக்கு மட்டும், ஒப்பந்தமோ நாலு ஆண்டு.

கடைசியில் 80,000 பவுண் விசுவாசக் கொடுப்பனவு என்று முடிந்தது. கைக்கு 42,400, ஏறத்தாழ பாதி. ஒப்பந்தத் திருத்தம் எழுதி, லீக்கிலும் உதைபந்தாட்டச் சங்கத்திலும் பதிந்தோம். பதியாமல் வீரருக்கு ஒரு பவுண் கொடுத்தாலும் விதிமீறல். ஏப்ரலில் தொழில்தருநர் விகிதம் 15 ஆகப் போகிறது, மார்ச் சம்பளத்திலேயே போட்டால் 960 பவுண் மிச்சம் என்று நான் அவசரப்படுத்தினேன். கழகம் கட்டும் 13.8உம் அரை வீதமும் சேர்த்து 91,440 பவுண் வீணாகக் காரணமாக இருந்தவன், 960 மிச்சம் பிடித்ததற்காக அன்று ஒரு நன்றி மின்னஞ்சல் பெற்றேன்.

அந்தப் பயிற்சிப் பிள்ளை அதற்கு முன்பே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு இந்த முடிவு தெரியுமோ தெரியாது. நான் சொல்லவில்லை. அவள் கேட்டபோது அவள் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது. தெரியாமல் விட்டிருந்தால் அது வெறும் பிழை. 'அவர் கேட்டது சம்பளம் மட்டும்' என்ற வசனம் அவ்வளவு வேகமாக வந்ததுதான் பிரச்சினை. யோசித்துச் சொன்ன வசனம் அப்படி வராது. ஆனால் அன்று அந்த வரிசையைப் போட்டு அனுப்பியிருந்தால் அவர் இத்தாலிக்குப் போயிருப்பார், அந்த இரண்டு பருவத்திலும் பின்வரிசையில் அவர் இல்லாமல் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று மைதானப் பக்கத்து ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்கிறேனா, குற்றமாக எடுத்துக்கொள்கிறேனா என்பது நாளுக்கு நாள் மாறுகிறது.

தாளை மாற்றினேன். முகவர் பங்கு, அதன் வற், குடியேற்றச் செலவில் 8,000 பவுணுக்கு மேற்பட்டது, கழகம் கட்டும் வீட்டு வாடகை, கார், குடும்பத்துக்கான விமானச் சீட்டு எல்லாவற்றுக்கும் இப்போது தனித்தனி வரிசை. எந்த வரி எந்த மாதத்தில் பிடிபடும் என்று பக்கத்தில் ஒரு நிரல். 'கைக்கு' என்ற கடைசிக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு அனுப்புகிறேன். வீரரின் கணக்காளரே அதை நிரப்ப வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு.

தாள் கிடைத்த கையோடு முகவர்கள் அழைக்கிறார்கள். எல்லாம் நல்லது, அந்தக் கடைசிக் கட்டத்தில் என்ன வரும், சும்மா ஒரு எண் சொல்லுங்கள் என்கிறார்கள். மஞ்சள் தாள் இன்னும் மேசையில் ஒட்டியபடி. சொல்லிவிடுகிறேன், வாயால் மட்டும்.